ஐந்து லிட்டர் பியர், ஒரு துணிப்பை, ஒரு சருவம்: மெல்பர்ன் போகிறவனுக்கு வழி சொல்லுங்கள்

மார்த்தாண்டம்_தேன்கூடு:

வணக்கம் மக்களே. வீட்டம்மாவுக்கு மெல்பர்னில் நர்ஸ் வேலை கிடைத்து விசாவும் வந்தாச்சு. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் கிளம்புகிறேன். அங்கே போனால் வீட்டிலேயே பியர் செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. டின்னில் வரும் கெட்டிச் சாற்றைத் தண்ணீரில் கலக்கி ஈஸ்ட் தூவிவிடும் வழி ஒன்று இருக்கிறது, அது வேண்டாம், பார்லியிலிருந்தே தொடங்க வேண்டும். யூட்யூபில் பார்த்தால் மூன்று பாத்திரம், பம்பு, குழாய், கார் நிறுத்தும் இடம் முழுக்கச் சாமான். நாங்கள் போகும் ஃபிளாட்டில் இரண்டு அறையும் ஒரு கரண்ட் அடுப்பும்தான். தானியத்தைத் துணிப்பையில் போட்டு ஒரே பாத்திரத்தில் முடிக்கும் முறை உண்டாமே, அதைச் செய்து பழகியவர்கள் யாராவது இருந்தால் எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது, எவ்வளவு தானியம், எவ்வளவு தண்ணீர் என்று நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். போகும் முன் இங்கேயே ஒரு தடவை செய்து பழகலாமா என்பதும் கேள்வி.

நாகர்கோவில்_வக்கீல்:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பியரும் அதில் வரும், கள்ளும் வரும். "வீட்டுக்குத்தான், விற்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. 2024-இல் கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு தண்டனையைக் கூட்டியும் இருக்கிறார்கள். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவில் போய்ச் செய்கிறேன் என்று யாரும் ஐடியா கொடுக்க வேண்டாம். அந்தப் பக்கம் கள்ளுக்கடை லைசென்ஸோடு நடக்கிறது, ஆனால் வீட்டில் மது செய்ய அப்காரிச் சட்டம் இடம் கொடுக்காது.

ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் செய்யலாம், வரி கிடையாது. விற்கக் கூடாது. வாலை வைத்து வடித்து ஸ்பிரிட் எடுக்கவும் கூடாது, அதற்கு லைசென்ஸ் வேண்டும். இந்த இரண்டு கோட்டையும் தாண்டாமல் நடந்துகொள்ளுங்கள்.

கருங்கல்_வாத்தியார்:

மாவட்டத்தில் எத்தனை குடும்பம் குடியால் அழிகிறது என்று பார்த்துக்கொண்டே இதையும் ஒரு பொழுதுபோக்கு என்று பேசுகிறீர்கள். நல்லதாகப் படவில்லை.

மெல்பர்ன்_குளச்சல்:

வாத்தியார் ஐயா, உங்கள் கோபம் நியாயம். மறுத்துப் பேசவில்லை. ஐந்து லிட்டர் செய்யப் பாதி நாள் வேலை, குடிக்க ஒரு மாதம் காத்திருப்பு. குடிக்க மட்டும் நினைப்பவன் இந்த வழிக்கு வர மாட்டான், கடைக்குத்தான் போவான் என்பது என் எண்ணம்.

தம்பி தேன்கூடு, இந்தப் பை முறை நீங்கள் போகிற நாட்டில்தான் பரவலானது. 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் செய்கிறவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வளர்த்தது. பழைய முறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சுடும், ஒன்றில் மாஷ் (உடைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது) நடக்கும், ஒன்றில் கொதிக்கும். பை முறையில் மூன்றும் ஒரே சருவத்தில் நடக்கிறது. தானியத்தை ஊறவைத்த பையைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கொதிக்கவைக்க வேண்டிய சாறு, அவ்வளவுதான்.

ஐந்து லிட்டரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் அடுப்பு. ஃபிளாட் கரண்ட் அடுப்பில் 25 லிட்டரை நன்றாகக் கொதிக்கவைப்பது நடக்காத காரியம், 9 லிட்டர் கொதிக்கும். கொதித்ததைக் குளிரவைக்கவும் செம்புச் சுருள் எதுவும் வேண்டாம், ஸிங்க்கில் ஐஸ் தண்ணீர் விட்டு பாத்திரத்தை உட்காரவைத்தால் போதும். பிடிக்காமல் போனால் கொட்டவும் மனம் வரும்.

வாங்க வேண்டியது: 15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் (12 லிட்டரிலும் முடியும், விளிம்பு வரை வரும், கை சுடும்). நல்ல தெர்மாமீட்டர். ஹைட்ரோமீட்டர் (சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அடர்த்தியால் காட்டும் மிதவை, வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்). கிராம் காட்டும் தராசு. மூடியில் ஏர்லாக் (கேஸை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) வைக்கிற 10 லிட்டர் உணவுத்தர வாளி. கழுவாமலே விடக்கூடிய சானிடைசர். பை. இதில் தெர்மாமீட்டருக்கும் சானிடைசருக்கும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள், மற்றதெல்லாம் அடுக்களையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். பைக்குச் சன்னமான பாலியெஸ்டர் வாயில் துணி நல்லது, திரைச்சீலைத் துணிக்கடையில் வாங்கிப் பாத்திரத்தின் வாய்க்கு மேல் மடிகிற அளவில் தைத்துக்கொள்ளலாம். நம்ம ஊர் துவர்த்தும் (துண்டு) வடிக்கும், ஆனால் ஊறியதும் இழை இறுகி நேரமாகும்.

தானியம் (மால்ட் என்றால் முளைக்கட்டிக் காயவைத்த பார்லி, ஏல் என்பது ஒரு பியர் வகை): ஆஸ்திரேலிய ஏல் மால்ட் 1.1 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 100 கிராம். கடையிலேயே உடைத்துக் கேளுங்கள், கொஞ்சம் பொடியாகவே உடைக்கச் சொல்லலாம். பழைய முறையில் உமிதான் வடிகட்டி, அதனால் பொடியானால் அடைத்துக்கொள்ளும். இங்கே வடிகட்டுவது துணி என்பதால் அந்தப் பயமில்லை.

தண்ணீர்க் கணக்கு: கடைசியில் பாத்திரத்தில் 6 லிட்டர் நிற்க வேண்டும், அடியில் அரை லிட்டர் கசடு போய் வாளிக்கு 5.5 வரும். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது சுமார் 2 லிட்டர், பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். பையைப் பிழிந்த பிறகும் தானியம் பிடித்துக்கொள்வது முக்கால் லிட்டருக்கு உள்ளே. ஆக, தொடக்கத்தில் 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் தடவையே உங்கள் பாத்திரத்தில் எவ்வளவு ஆவியாகிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவைக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

தண்ணீரை 68 அல்லது 69 டிகிரிக்குச் சுடவையுங்கள். பையை விரித்து உடைத்த தானியத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறினால் 66-இல் வந்து நிற்கும். அடுப்பை அணைத்து, மூடி, கம்பளி சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். இடையில் இரண்டு டிகிரி இறங்கினால் குடி முழுகிப் போகாது. அப்புறம் பையைத் தூக்கி, பாத்திரத்தின் மேல் ஓட்டைக் கூடை வைத்து அதில் வடியவிட்டுப் பிழிய வேண்டும். சாறு கொதி வந்ததும் கென்ட் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த பூ) 10 கிராம், கடைசிப் பத்து நிமிடம் இருக்கையில் இன்னும் 8 கிராம். மூடி போடாமல் கொதிக்க விடுங்கள், சோளம் வெந்த வாடை தரும் ஒரு கந்தகப் பொருள் ஆவியோடு போக வேண்டும். நுரை பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

20 டிகிரிக்குக் குளிர்ந்ததும் வாளிக்கு மாற்றி உலர்ந்த ஏல் ஈஸ்ட் அரைப் பாக்கெட் தூவினால் போதும், 11 கிராம் பாக்கெட் என்பது 20 லிட்டருக்கு மேல் செய்கிறவர்களுக்கான அளவு. ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.043 பக்கம் காட்டும், முடிவில் 1.010 பக்கம். கணக்குப் போட்டால் நாலேகால், நாலரை சதவீத பியர்.

மார்த்தாண்டம்_தேன்கூடு:

அண்ணே, இது போதும் ஒரு வருஷத்துக்கு. ஒரு சந்தேகம். ஏன் 66? 60-இல் வைத்தால் என்ன, 75-இல் வைத்தால் என்ன?

பனங்காட்டுப்_பேரன்:

இதை நான் சொல்கிறேன், எங்கள் தாத்தா பனை ஏறினவர். அக்கானி (பதநீர்) இறக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். காரணம், பனையிலிருந்து சொட்டுவதே சர்க்கரைத் தண்ணீர். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்டுக்கு நேரே சாப்பாடு. சுண்ணாம்பின் காரத்தில் அது வேலை செய்யாது. பார்லியில் அந்தச் சர்க்கரை இல்லை, மாவாக இருக்கிறது. ஈஸ்ட் மாவைத் தின்னாது. அதனால் மாவைச் சர்க்கரையாக உடைக்கிற வேலையை முதலில் நாம் முடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஊறப்போடும் ஒரு மணி நேரம். டிகிரி விவரம் குளச்சல் அண்ணன் சொல்லட்டும்.

(1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அப்போதிருந்து எங்கள் வீட்டில் கருப்பட்டி மட்டும்தான். ஆப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த காலத்தை அம்மா இன்னும் பேசுவாள்.)

மெல்பர்ன்_குளச்சல்:

பேரன் சொன்னது சரி. முளைக்கட்டிய பார்லிக்குள் இரண்டு என்ஸைம்கள் உண்டு. பீட்டா அமிலேஸுக்கு 60-லிருந்து 65 வரை சுகம், மாவுச் சங்கிலியின் நுனியிலிருந்து சிறு சர்க்கரையாக நறுக்கும். ஆல்ஃபா அமிலேஸ் 70-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்யும், சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும், அதில் ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய துண்டுகளும் மிஞ்சும். 63-இல் வைத்தால் ஈஸ்ட் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்று பியர் வறண்டு மெலிதாக வரும். 69-இல் வைத்தால் வாயில் கனம் நிற்கும். 66 இரண்டுக்கும் நடுவே. 75-க்கு மேல் போனால் பீட்டா சீக்கிரமே செத்துவிடும், 80-ஐத் தாண்டினால் ஆல்ஃபாவும் போகும், அப்புறம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் மாவு மாவாகவே கிடக்கும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு ஸ்பூன் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு ஒரு துளி அயோடின் டிங்சர் விடுங்கள். நீலக்கருப்பானால் மாவு மிச்சமிருக்கிறது, டிங்சரின் பழுப்பு நிறமாகவே நின்றால் வேலை முடிந்தது. அந்த ஸ்பூன் சாற்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்.

தக்கலை_ராகியக்கா:

நான் பியர் பக்கம் வருகிறவள் இல்லை, ராகி மால்ட் மாவு செய்து விற்கிறேன். ஆனால் இதைப் படித்ததும் ஒன்று புரிந்தது. குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சும்போது சாதாரண ராகி மாவென்றால் களி மாதிரி இறுகும், முளைக்கட்டிய மாவு ஒரு ஸ்பூன் கலந்தால் இளகி ஓடும், லேசாக இனிக்கவும் செய்யும். இத்தனை நாள் அது மாவின் குணம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சொல்லும் அமிலேஸ்தானா அது? ஆனால் சில தடவை இளகுவதே இல்லையே, ஏன்?

மெல்பர்ன்_குளச்சல்:

அதேதான் அக்கா. இளகாத தடவைகளில் முளைப்பயிரை நன்றாக வறுத்திருப்பீர்கள், இல்லையென்றால் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கலந்திருப்பீர்கள். இரண்டிலும் என்ஸைம் போய்விடும். மால்ட் ஆலைகளில் முளைத்த பார்லியை முதலில் குறைந்த சூட்டில் ஈரம் போகக் காயவைத்து, அப்புறம்தான் 80 டிகிரி பக்கம் ஏற்றுவார்கள். காய்ந்த பிறகு சூடு பட்டால் என்ஸைம் தாங்கும், ஈரத்தோடு பட்டால் தாங்காது. நான் மேலே எழுதின கிரிஸ்டல் மால்ட் ஈரத்தோடேயே சூடேற்றினது, அதில் என்ஸைம் கிடையாது, நிறமும் இனிப்பும் மட்டும். அதனால்தான் அது 100 கிராம், மற்றது 1.1 கிலோ.

தேன்கூடு தம்பி இங்கேயே பழகிப் பார்க்கக் கேட்டாரே, அதற்கும் வழி இதுதான். ஈஸ்ட் இல்லாமல் மாஷ் மட்டும் செய்யலாம். அக்காவிடம் வறுக்காமல் வெயிலில் காயவைத்த முளை ராகி மாவு வாங்கி, கெட்டியாகக் கூழ் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, மாவைக் கலந்து கம்பளி சுற்றி வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை நாக்கில் வைத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் பிடிக்கவும், கம்பளி எவ்வளவு சூட்டைக் காக்கிறது என்றும் தெரிந்துவிடும். அன்றைக்கே கொதிக்கவைத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு கொடுத்துவிடலாம். வக்கீல் சார், இதில் ஒன்றும் குற்றமில்லையே?

நாகர்கோவில்_வக்கீல்:

கூழ் குடிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. புளிக்கவிட்டு நுரை வரவைத்தால் திரும்ப என்னிடம் வர வேண்டியிருக்கும். இன்னொன்று, முளை ராகியை மெல்பர்னுக்கு மூட்டை கட்டாதீர்கள். தானியம், விதை எல்லாம் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டியவை. மறைத்தால் அபராதம், விசாவுக்கே வம்பு வரலாம்.

லீட்ஸ்_இரணியல்:

குளச்சல் அண்ணாச்சி சொன்னதில் இரண்டு விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் 1963-இலிருந்தே வீட்டில் செய்ய லைசென்ஸ் வேண்டாம், அதனால் இங்கே பழைய கைகள் நிறைய. அவர்கள் எல்லோரும் சொல்வது: பையைப் பிழியாதே, பிழிந்தால் உமியின் துவர்ப்பு இறங்கும். இரண்டாவது, மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றுவது சோம்பேறித்தனம். 6 லிட்டரில் ஊறவைத்து, பையைத் தூக்கி, மிச்ச வெந்நீரை அதன் மேல் ஊற்றிக் கழுவினால் சர்க்கரை கூடுதலாக இறங்கும். அப்படிக் கழுவாமல் பாதி சர்க்கரையை மாட்டுக்குப் போடுவதற்கு எதற்குத் தானியத்திலிருந்து தொடங்க வேண்டும்?

மெல்பர்ன்_குளச்சல்:

பாதியெல்லாம் இல்லை ஐயா. நன்றாக உடைத்து, ஒரு மணி நேரம் வைத்து, பிழிந்தும் எடுத்தால் தானியத்தில் எடுக்கக்கூடியதில் 70 சதவீதம் வருகிறது. கழுவினால் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் இந்த அளவில் 100 கிராம் மால்ட் கூடப் போட்டால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். பெரிய மதுவாலைக்கு இரண்டு சதவீதம் லாபநஷ்டம், நமக்கு அது ஒரு கைப்பிடி. பாத்திரம் சிறியது, மொத்தத் தண்ணீரும் கொள்ளவில்லை என்றால் நீங்கள் சொல்கிற வழிதான் சரி.

பிழிவது பற்றி: துவர்ப்பு இறங்குவது கை அழுத்தத்தால் இல்லை. சாற்றின் பிஎச் 6-ஐத் தாண்டி, சூடும் 77-க்கு மேல் போகும்போதுதான் உமியின் டானின் கரையும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே போகும் முறையில் கடைசியில் சாறு நீர்த்து பிஎச் ஏறும், உங்கள் பெரியவர்கள் பயந்தது அதற்கு. பை முறையில் 66-இல் மாஷ், பிஎச் ஐந்தரையை ஒட்டி. பிழியலாம். ரப்பர் கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

லீட்ஸ்_இரணியல்:

பிழிந்தால் சாறு கலங்குமே.

மெல்பர்ன்_குளச்சல்:

கலங்கும். கொதியிலும் வாளியிலும் அடங்கிவிடும். மிச்சம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டியதுதான்.

லீட்ஸ்_இரணியல்:

சரி, பிழிவதை விட்டுக்கொடுக்கிறேன். கழுவுவதை விட மாட்டேன். தம்பிக்கு ஒரு உபயோகமான குறிப்பும் தருகிறேன்: மாஷ் சூடு இறங்கினால் பை உள்ளே இருக்கும்போதே அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றும், அடியில் துணி ஒட்டிப் பொசுங்கும். எங்கள் வீட்டு வழி, பாத்திரத்தின் அடியில் இட்லித் தட்டைக் குப்புறப் போட்டுவிட்டு அதன் மேல் பை. ஓவன் இருந்தால் இன்னும் நல்லது, 70 டிகிரிக்குச் சூடாக்கி அணைத்துவிட்டுப் பாத்திரத்தை மூடியோடு உள்ளே வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி இறங்கினால் அதிகம்.

தேங்காப்பட்டணம்_கடலோடி:

நான் குவைத்தில் இருக்கிறேன். கடையில் திராட்சை ஜூஸும் ரொட்டி ஈஸ்டும் கிடைக்கிறது. ரூமில் பையன்கள் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். மெத்தனால் வந்து கண் போகும் என்று ஒருத்தன் பயமுறுத்துகிறான், உண்மையா?

நாகர்கோவில்_வக்கீல்:

மக்கா, குவைத்தில் மதுவே தடை. வேலை போகும், ஜெயில், அப்புறம் நாடு கடத்தல். பையன்களின் யோசனையை நீ கேட்காத மாதிரி இரு. இந்த ஊரிலிருந்து அங்கே போய்க் கடலில் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான கவலை இருக்கிறது.

மெல்பர்ன்_குளச்சல்:

செய்யாதே என்பதே என் பதிலும். மெத்தனால் விவரம் மட்டும் தெரிந்துகொள். தானியத்தைப் புளிக்கவைக்கும்போது வரும் மெத்தனால் மிகக் கொஞ்சம், பியரில் அது ஆபத்தான அளவுக்கு வராது. பழத்தில் பெக்டின் இருப்பதால் கொஞ்சம் கூட வரும், அதுவும் சாதாரணமாகக் கண்ணைப் பறிக்கிற அளவு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது புளிக்கவைத்ததில் தானாக வந்த மெத்தனாலால் இல்லை, பாக்கெட் சாராயத்தில் மெத்தனாலைக் கலந்து விற்றதால். ஆகவே எவன் விற்றானோ தெரியாத சரக்கைத் தொடாமல் இருப்பதுதான் கண்ணுக்குப் பாதுகாப்பு.

மார்த்தாண்டம்_தேன்கூடு:

ராகிக் கூழ் பரீட்சை நடந்தது. அக்கா மாவு கொடுத்தார், 65-இல் கலந்தேன், பத்து நிமிடத்தில் கரண்டி நிற்காமல் சாய்ந்தது, ஒரு மணி நேரத்தில் நல்ல இனிப்பு. சின்னவள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

இப்போது இரண்டு கேள்வி. மரச்சீனி, சம்பா அரிசி இவற்றை பார்லியோடு சேர்க்கலாமா? அங்கே வெயில் காலத்தில் 40 டிகிரி போகுமாமே, வாளியை எங்கே வைப்பது?

மெல்பர்ன்_குளச்சல்:

சேர்க்கலாம், ஆனால் முதல் தடவையில் வேண்டாம். அரிசி மாவு உப்பி இளக 70-க்கு மேல் சூடு வேண்டும், 66-இல் பார்லியோடு சும்மா போட்டால் பாதி வேகாமல் கிடக்கும். கஞ்சியாக வேகவைத்து ஆறவைத்துக் கலக்க வேண்டும். மரச்சீனிக்கும் வேகவைப்பதே சரி, துருவிப் பிழிந்து அவித்த மாவு என்றால் இன்னும் சுலபம். மொசாம்பிக்கில் 2011-லிருந்து இம்பாலா என்ற பெயரில் மரச்சீனி பியரே விற்கிறார்கள், ஆகவே இது கிறுக்குத்தனம் இல்லை. கால் பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள், மிச்சத்தை பார்லி மால்ட்டின் என்ஸைம் பார்த்துக்கொள்ளும். ராகியக்காவுக்கு ஒரு செய்தி: ராகிக்கு பார்லி மாதிரி உமி இல்லாததால் பழைய முறையில் வடியாமல் அடைக்கும். துணிதான் வடிகட்டி என்னும்போது அந்தத் தொல்லை இல்லை. பை மட்டும் இன்னும் சன்னமாக வேண்டும்.

வெயில்: சாதாரண ஏல் ஈஸ்ட் 18-லிருந்து 20 டிகிரியில் நன்றாக நடக்கும். புளிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், அறை 20 என்றால் வாளிக்குள் 22, 23 இருக்கும். மெல்பர்ன் குளிர்காலத்தில் இதுவே பெரிய வசதி, ஒரு மூலையில் வைத்தால் போதும். வெயில் காலத்தில் அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு வாளியை உள்ளே வைத்து, மேலே ஈரத் துவர்த்து சுற்றி, நுனி தண்ணீரில் தொங்குகிற மாதிரி விட்டு ஃபேன் போடுங்கள். நாலைந்து டிகிரி இறங்கும். அதற்கும் மேல் சூடென்றால் நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழிவழியாக வைத்திருந்த க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள். வோஸ் என்ற வகை 35-லிருந்து 40 டிகிரியில் கூடச் சுத்தமாகப் புளிக்கும், ஆரஞ்சு வாசனை வரும். ஈஸ்ட் என்றாலே குளிர் வேண்டும் என்ற நினைப்பை அது மாற்றிவிட்டது.

பனங்காட்டுப்_பேரன்:

பாட்டிலில் கேஸ் ஏற்ற சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?

மெல்பர்ன்_குளச்சல்:

ருசிக்குப் போடலாம், கேஸுக்கு வேண்டாம். ஒவ்வொரு கருப்பட்டியிலும் ஈரம் ஒரு மாதிரி, சர்க்கரை ஒரு மாதிரி, எடைபோட்டுக் கணக்கு வராது. கேஸுக்கு வெள்ளைச் சீனி லிட்டருக்கு 7 கிராம், ஐந்து லிட்டருக்கு 35 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு பியரில் மெதுவாகக் கலந்து அடைக்க வேண்டும். கருப்பட்டியைக் கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 100 கிராம் போட்டால் கறுத்த பியருக்கு அருமையாக இருக்கும்.

பாட்டில் விஷயத்தில்தான் அவசரக்காரர்களுக்கு ஆபத்து. ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, புளிப்பு முடிந்தது என்று அடைத்துவிடுவார்கள். குமிழியை நம்பக் கூடாது. பத்து நாள் கழித்து ஹைட்ரோமீட்டர் பாருங்கள், மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்கலாம். சர்க்கரை மிச்சமிருக்கும்போது கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் முதல் தடவை சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள். அமுக்கிப் பார்த்தால் கேஸ் ஏறியது தெரியும், கல் மாதிரி இறுகினால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தலாம். 20 டிகிரியில் இரண்டு வாரம், அப்புறம் ஃபிரிட்ஜ். வெளிச்சம் படாமல் வையுங்கள், வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறும்.

லீட்ஸ்_இரணியல்:

சுத்தம் பற்றி ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. கொதிக்கும் முன்னால் தொடுவது எதுவும் கழுவியிருந்தாலே போதும், கொதிதான் கொல்லுமே. குளிர்ந்த பிறகு சாற்றைத் தொடும் எல்லாம், வாளி, மூடி, ஏர்லாக், கரண்டி, ஹைட்ரோமீட்டர், ஈஸ்ட் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல் வரை சானிடைசரில் நனைய வேண்டும். பாஸ்பாரிக் அமில வகை என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி, நுரை இருந்தாலும் கழுவ வேண்டாம். டெட்டால் கூடவே கூடாது, வாடை ஜென்மத்துக்கும் போகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கேம்ப்டன் மாத்திரை ஒன்றில் சின்னத் துண்டு போதும், இல்லையென்றால் பியர் மருந்துக்கடை மாதிரி மணக்கும்.

மார்த்தாண்டம்_தேன்கூடு:

எழுதி வைத்துக்கொண்டேன். வாங்க வேண்டாம் என்று எதையும் யாரும் சொல்லவில்லையே?

மெல்பர்ன்_குளச்சல்:

சொந்தமாக அரவை மில், கரண்டில் ஓடும் ஆல்-இன்-ஒன் பாத்திரம், பம்பு, கெக் (பியர் அடைக்கும் உலோகப் பீப்பாய்), இந்த நாலும் இப்போது வேண்டாம். அப்புறம் 25 கிலோ மால்ட் மூட்டை. மலிவு என்று சொல்லி வாங்க வைப்பார்கள். 1.2 கிலோவாக எடுத்துக்கொண்டிருந்தால் அது எப்போது தீரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், உடைத்த மால்ட் அதற்குள் சவசவத்துப் போகும்.

தக்கலை_ராகியக்கா:

பிழிந்த சக்கையை என்ன செய்வீர்கள்? எங்கள் பக்கம் என்றால் பசுவுக்குப் போட்டுவிடுவோம், அங்கே ஃபிளாட்டில் பசு ஏது.

மெல்பர்ன்_குளச்சல்:

பிழிந்த அன்றைக்கே காயவைக்க வேண்டும் அக்கா, ஈரத்தோடு விட்டால் மறுநாள் புளித்து ஈ மொய்க்கும். ஓவனில் குறைந்த சூட்டில் மொறுமொறுவென்று காயவைத்து மிக்ஸியில் அடித்துச் சப்பாத்தி மாவோடு நாலில் ஒரு பங்கு சேர்ப்பேன். சர்க்கரை இறங்கிவிட்டது, நாரும் புரதமும் மிச்சம், உமி இருப்பதால் நன்றாகச் சலிக்க வேண்டும். கோழி வளர்க்கும் நண்பர் இருந்தால் ஈரமாகவே கொடுத்துவிடலாம். ஆனால் கொதிக்குப் பிறகு பாத்திரத்தின் அடியில் தங்கும் பச்சைக் கசடில் ஹாப்ஸ் இருக்கும், அது நாய்க்கு விஷம். தோட்டத்தில் கொட்டாமல் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.